பெண்குழந்தைக்கு 'அந்த இடத்தில்' அரிப்பு, எரிச்சல், வெள்ளை: வீட்டில் என்ன செய்யலாம், எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

நாலு வயதுப் பெண் "அம்மா, ஒன்னுக்குப் போனா எரியுது" என்று அழுகிறாள். உடனே பாட்டி மஞ்சள் குழைக்கச் சொல்வார். அப்பா மருந்துக்கடைக்குப் போய், கூச்சத்தில் விஷயத்தைப் பாதி சொல்லி, ஒரு ட்யூபோடு திரும்புவார். தடவினால் இரண்டு நாள் அடங்கும். அடுத்த வாரம் முன்பைவிடச் சிவந்து நிற்கும். வேறு ட்யூப் வரும்.

இந்தக் கட்டுரை முதல்முறையாக இந்தப் பிரச்சினையைச் சந்திக்கும் பெற்றோருக்கு. பிறந்த குழந்தையிலிருந்து வயதுக்கு வந்து சில வருடங்கள் ஆன பெண் வரை, அடிக்கடி வரும் தொல்லைகளை இங்கே பார்க்கிறோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் வரும் இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதிக்கு மருந்தே வேண்டாம். எதைத் தடவலாம் என்று தேடுவதை விட்டு, எதை நிறுத்தலாம் என்று யோசித்தால் பாதி வைத்தியம் முடிந்தது. மீதி, தாமதிக்கக் கூடாத சிலவற்றை அடையாளம் கண்டுகொள்வது.

சிறுமியின் உடம்பு வேறு

வயதுக்கு வராத பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மிகக் குறைவு. அதனால் பிறப்புறுப்பின் உட்தோல் மெல்லிசாக, இயல்பிலேயே சற்றுச் சிவப்பாக இருக்கும். பெரியவர்களுக்கு அங்கே அமிலத்தன்மையை உண்டாக்கிக் காவல் காக்கும் நல்ல பாக்டீரியாக்கள் சிறுமிகளுக்கு இல்லை. வெளி இதழ்களில் கொழுப்பும் முடியும் இல்லாததால் மறைப்பும் கிடையாது. ஆசனவாயும் மிக அருகில். சோப்பு, வியர்வை, சிறுநீர், மலத்துணுக்கு எது பட்டாலும் சட்டென்று எரிச்சல் வருவது இதனால்தான். இரண்டு வயது முதல் எட்டு வயது வரை பெண்குழந்தைகளைப் பிறப்புறுப்புத் தொல்லைக்காக டாக்டரிடம் கூட்டிவருவதில் முதலிடம் இப்படிச் சிவந்து எரியும் அழற்சிக்குத்தான். பெரும்பாலும் இதற்குக் குறிப்பிட்ட கிருமி எதுவும் இருக்காது.

இங்கே ஒரு தப்புக் கணக்கு நடக்கிறது. அம்மாவுக்கு அரிப்பும் வெள்ளையும் வந்தபோது பூஞ்சைக்கு மருந்து கொடுத்தார்கள், மகளுக்கும் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைப்பது. கேண்டிடா என்ற அந்தப் பூஞ்சை வளர ஈஸ்ட்ரோஜன் வேண்டும். டயப்பர் விட்ட, வயதுக்கு வராத சிறுமிக்கு அது அபூர்வம். அண்மையில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால், சர்க்கரை நோய் இருந்தால், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்தால் வரலாம். தாகமும் அடிக்கடி சிறுநீரும் எடை குறைவதுமாக இருக்கும் குழந்தைக்கு உண்மையிலேயே அங்கே பூஞ்சை வந்திருந்தால், அன்றே ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள்.

முதலில் பார்ப்பது

பகல் வெளிச்சத்தில், குழந்தையை மடியிலோ கட்டிலிலோ மல்லாக்கப் படுக்கவைத்து, பாதங்கள் இரண்டும் சேர்ந்திருக்க முழங்கால்களை இரு பக்கமும் விரியச் சொன்னால் போதும். "அம்மா பாக்கட்டுமா கண்ணு?" என்று கேட்டுவிட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் கொஞ்சம் கழித்துப் பார்க்கலாம். தன் உடம்பைத் தொட அனுமதி கேட்கிறார்கள் என்பது அவளுக்கு இந்த வயதிலேயே பழகட்டும்.

இதழ்களை இழுத்துப் பிரிக்க வேண்டாம். சிவப்பு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, ஆசனவாயைச் சுற்றியும் உண்டா, வெள்ளைத் தழும்பு போலத் தெரிகிறதா, ரத்தம் உண்டா, ஜட்டியில் என்ன நிறத்தில் கறை, நாற்றம் எப்படி என்று கவனியுங்கள். எப்போது தொடங்கியது, ராத்திரியில் கூடுகிறதா, மலச்சிக்கல் உண்டா, சமீபத்தில் தொண்டைவலி, வயிற்றுப்போக்கு வந்ததா, எந்த மருந்து தடவினீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள். டாக்டர் கேட்கப்போவது இவற்றைத்தான். போனில் படம் எடுத்து உறவினர் குழுவில் போட்டுக் கருத்துக் கேட்பதெல்லாம் கூடவே கூடாது.

வீட்டு வைத்தியம்: இரண்டு வாரம்

காய்ச்சல், ரத்தம், கெட்ட நாற்றம், கடும் வலி எதுவும் இல்லாமல் சிவப்பும் அரிப்பும் லேசான கறையும் மட்டும் என்றால் இதைத் தொடங்கலாம்.

முதல் நாளே நிறுத்த வேண்டியவை: சோப்பு, பேபி சோப்பு, ஷாம்பு நுரை, டெட்டால் கலந்த தண்ணீர், டால்கம் பவுடர், வாசனை ஈரத்துடைப்பான், மஞ்சள், வேப்பிலை, உப்புத் தண்ணீர். மஞ்சளைச் சொன்னதும் பெரியவர்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். கையில் பட்ட காயத்துக்கு எப்படியோ, எரிந்துகொண்டிருக்கும் மெல்லிய தோலில் அது இன்னொரு உறுத்தல்தான். தலைக்குக் குளிப்பாட்டும்போது ஷாம்புத் தண்ணீர் வழிந்து அங்கே தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலையைக் கடைசியில் அலசி உடனே எழுப்பிவிடலாம்.

அடுத்து, ஒரு நாளைக்கு இரண்டு முறை, அகலமான பிளாஸ்டிக் டப்பில் வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் ஊற்றி, இடுப்பு வரை மூழ்கும்படி பத்துப் பதினைந்து நிமிடம் உட்காரவையுங்கள். விளையாட்டுப் பொம்மை இரண்டைப் போட்டால் எழுந்து ஓடமாட்டாள். எழுந்ததும் தேய்க்காமல் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, காற்றாடக் கொஞ்ச நேரம் விட்டு, வெளித்தோலில் வாசலினோ ஜிங்க் ஆக்சைடு களிம்போ மெல்லிசாகப் பூசுங்கள். சுத்தமான தேங்காய் எண்ணெயும் பரவாயில்லை. சிறுநீர் நேரடியாகப் படாமல் ஒரு படலம் போட்டுவைப்பதுதான் நோக்கம்.

உடை விஷயம் சுலபம். வெள்ளைப் பருத்தி ஜட்டி, தளர்வாக. ராத்திரி ஜட்டியே வேண்டாம், பாவாடையோ தொளதொள பைஜாமாவோ போதும். லெக்கிங்ஸையும் இறுக்கமான ஜீன்ஸையும் தள்ளிவையுங்கள். ஜட்டியை நன்றாக அலசி, துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் போடாமல், வெயிலில் காயவிடுங்கள். நீச்சல் வகுப்புக்குப் போகும் குழந்தை ஈர உடையோடு வீடு வரை வரக் கூடாது.

கழுவும் முறையில்தான் நம் வீடுகளில் தவறு நடக்கிறது. குழந்தைகள் பின்பக்கமிருந்து கையை விட்டு, மலத்தை முன்பக்கமாக வழித்துக் கழுவுவார்கள். ஹெல்த் ஃபாசெட்டைப் பின்னாலிருந்து பிடித்து அடித்தாலும் அதேதான். அழுக்குத் தண்ணீர் முன்னால் வந்து சேர்கிறது. முன்பக்கம் முதலில், பின்பக்கம் கடைசியில், தண்ணீர் முன்னாலிருந்து பின்னால் ஓட வேண்டும். ஏழு வயது வரை மலம் கழித்த பிறகு பெரியவர் ஒருவர் சரிபார்ப்பது நல்லது. "அவளே கழுவிக்குவா" என்று பெருமைப்படும் வயதில்தான் இந்தத் தொல்லை அதிகம்.

சிறுநீர் கழிக்கும் விதமும் முக்கியம். வெஸ்டர்ன் டாய்லெட்டில் கால் எட்டாமல் தொங்கிக்கொண்டு, தொடைகளை ஒட்டிவைத்து உட்கார்ந்தால் சிறுநீரில் கொஞ்சம் உள்ளே போய்த் தங்கும். எழுந்து நடந்ததும் ஜட்டியில் சொட்டும். அம்மா அதைப் பார்த்து "வெள்ளைப்படுது" என்று பயப்படுவார். காலுக்குக் கீழே ஒரு முக்காலி வைத்து, ஜட்டியை முழங்காலுக்குக் கீழே இறக்கி, தொடையை விரித்து, முன்பக்கம் சாய்ந்து உட்காரச் சொல்லுங்கள். பின்னால் இருக்கும் ஃப்ளஷ் தொட்டியைப் பார்த்தபடி திருப்பி உட்காரவைத்தாலும் தொடை தானாக விரியும். இந்தியன் டாய்லெட்டில் குத்தவைத்து உட்காரும் குழந்தைக்கு இந்தப் பிரச்சினை குறைவு.

இன்னொன்று பள்ளிக்கூட டாய்லெட். நாறுகிறது, தாழ்ப்பாள் இல்லை என்று காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் நான்கு மணி வரை அடக்கிக்கொண்டு வரும் பெண்குழந்தைகள் ஏராளம். போகாமலிருக்க வசதியாகத் தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். அதனால் மலச்சிக்கல், சிறுநீர்த்தொற்று, எரிச்சல் மூன்றும் சேர்ந்து வரும். பாட்டிலில் கொடுத்த தண்ணீர் அப்படியே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். மலம் கெட்டியாகப் போகிறதென்றால் அதைச் சரிசெய்யாமல் முன்பக்க எரிச்சல் அடங்காது. கீரை, பழம், தண்ணீர் போதாதென்றால் குழந்தை டாக்டர் மலமிளக்கி எழுதித் தருவார்.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தால் பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். சளி பிடிக்கும்போதோ வெயில் காலத்திலோ திரும்ப வரலாம். வந்தால் அதே வைத்தியம். வயதுக்கு வரும்போது ஈஸ்ட்ரோஜன் ஏறத் தொடங்கியதும் தானாக நின்றுபோகும்.

மருந்துக்கடை ட்யூப்

இந்தியாவில் கடையில் கேட்டவுடன் கிடைக்கும் பல 'அரிப்பு க்ரீம்'களில் பூஞ்சைக் கொல்லி, ஆன்டிபயாடிக், வீரியமான ஸ்டீராய்டு மூன்றும் ஒரே ட்யூபில் இருக்கும். ஸ்டீராய்டு அரிப்பை உடனே அமுக்கும். அதனால்தான் "நல்லா கேக்குது" என்று தோன்றும். தொடர்ந்து தடவினால் தோல் இன்னும் மெலிந்து, உண்மையான படர்தாமரை இருந்தால் அடையாளம் தெரியாத அளவுக்கு உருமாறிப் பரவும். ட்யூபின் மேல் கிளோபெடசால், பீட்டாமெத்தசோன் என்ற பெயர்கள் இருந்தால், டாக்டர் சொல்லாமல் குழந்தையின் தொடையிடுக்கில் அதைத் தொடவிட வேண்டாம்.

இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால்

ராத்திரி படுத்ததும் அரிப்பு, ஆசனவாயைச் சொறிவது, தூக்கத்தில் புரள்வது என்றால் கீரிப்பூச்சி. பெண்புழு ராத்திரியில் வெளியே வந்து முட்டையிடும். சில சமயம் முன்பக்கமும் ஊர்ந்து வந்துவிடும். குழந்தை தூங்கி ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளை நூல் துண்டுபோல் நெளிவது தெரியும். காலையில் மலம் கழிப்பதற்கு முன் செல்லோடேப்பை ஆசனவாயில் ஒட்டியெடுத்து லேபில் கொடுத்தால் முட்டை தெரியும். அல்பெண்டசோல் இரண்டு வயதுக்கு மேல் 400 மில்லிகிராம், ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் 200 மில்லிகிராம், ஒரு வேளை. இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. அந்த இரண்டாவது வேளையைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். முதல் மாத்திரை புழுவைக் கொல்லும், முட்டையிலிருந்து வருவதைக் கொல்ல அடுத்தது வேண்டும். வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் டாக்டரைக் கேட்டுச் சாப்பிட வேண்டும். கர்ப்பிணி இருந்தால் அவருக்குத் தனியாகக் கேளுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், படுக்கை விரிப்பை வெந்நீரில் துவையுங்கள். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் குடற்புழு நீக்க நாளில் கொடுப்பது இதே மாத்திரைதான்.

தொண்டைவலிக்குப் பிறகு திடீரென்று பளிச்சென்ற சிவப்பு, தொட்டாலே அலறல், ஆசனவாயைச் சுற்றியும் அதே சிவப்பு என்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவாக இருக்கலாம். பஞ்சில் ஒற்றியெடுத்துச் சோதிப்பார்கள். இதற்குப் பெனிசிலின் வகை ஆன்டிபயாடிக் நன்றாகக் கேட்கும். பாதியில் நிறுத்தக் கூடாது.

காய்ச்சல், வயிற்றுவலி, அடிக்கடி சிறுநீர் என்றால் சிறுநீர்த்தொற்று. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்குச் சிறுநீர் கொடுத்த பிறகே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். முதலில் மருந்து, பிறகு சோதனை என்று போனால் எந்தக் கிருமி என்று தெரியாமலே போய்விடும்.

அழுகிய நாற்றத்தோடு, பழுப்பு நிறத்தில் அல்லது ரத்தம் கலந்து கசிகிறது, மருந்து கொடுத்தால் நிற்கிறது, நிறுத்தினால் திரும்புகிறது. இப்படியென்றால் உள்ளே ஏதோ பொருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மணி, புளியங்கொட்டை, பஞ்சு, ஸ்பாஞ்சுத் துணுக்கு, பென்சில் முனை என்று எதுவும் இருக்கலாம். மூக்கில் பட்டாணி போட்டுக்கொள்ளும் வயதுதான் இது. திட்டினால் ஒன்றும் சொல்ல மாட்டாள். வீட்டில் எடுக்க முயல வேண்டாம். மயக்க மருந்து கொடுத்து மெல்லிய குழாய்க் கேமராவால் பார்த்து எடுத்துவிடுவார்கள். பொம்மையிலோ ரிமோட்டிலோ இருக்கும் பட்டன் பேட்டரி என்று சந்தேகம் வந்தால் அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். சில மணி நேரத்தில் திசுவைப் பொசுக்கிவிடும்.

இதழ்கள் ஒட்டிக்கொள்வது

குளிப்பாட்டும்போது திடீரென்று கவனித்து, "குழந்தைக்கு அங்கே துவாரமே இல்லை" என்று பதறி ஓடிவருவார்கள். பிறந்தபோது சரியாகத்தான் இருந்திருக்கும். எரிச்சல் வந்த மெல்லிய உள் இதழ்கள் இரண்டும் நடுவில் ஒட்டிக்கொண்டு, ஒரு மெல்லிய கோடு தெரியும். ஒரு வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் அதிகம் காணப்படுவது. சிறுநீர் தடையின்றிப் போகிறது, தொற்று இல்லை என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். வயதுக்கு வரும்போது தானாகப் பிரியும்.

சிறுநீர் தேங்கிச் சொட்டுவது, திரும்பத் திரும்பத் தொற்று, வலி இருந்தால் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் எழுதித் தருவார்கள். சில வாரங்களுக்கு, அந்த ஒட்டிய கோட்டின் மேல் மட்டும், பட்டாணியில் பாதியளவு. அதிகம் பூசினாலோ நீண்ட நாள் பூசினாலோ மார்பு லேசாகப் புடைக்கலாம், தோல் கறுக்கலாம். நிறுத்தினால் சரியாகும். பிரிந்த பிறகு சில மாதங்களுக்குத் தினமும் வாசலின் பூசாவிட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

சில இடங்களில் அவுட்பேஷன்ட் அறையிலேயே, மரத்துப்போகும் மருந்துகூட இல்லாமல், விரலால் சடாரென்று பிரித்துவிடுகிறார்கள். ஒரு நொடி வேலை என்பார்கள். குழந்தைக்கு அது கொடுமையான வலி, புண்ணான விளிம்புகள் முன்பைவிட அழுத்தமாக ஒட்டிக்கொள்ளவும் செய்யும். "க்ரீம் போட்டுப் பாக்கலாமா டாக்டர்?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பிறந்த குழந்தை

பிறந்த முதல் வாரத்தில் பெண்குழந்தைக்கு வெள்ளையோ சில சொட்டு ரத்தமோ வரலாம். தாயிடமிருந்து வந்த ஹார்மோன் குறைவதால் வருவது. ஓரிரு வாரத்தில் நின்றுவிடும். அதே ஹார்மோனால் மார்பும் புடைத்திருக்கும். 'பால் கட்டியிருக்கு' என்று பிதுக்கிவிடும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு. பிதுக்கினால் சீழ்க்கட்டி வரும். தொடாமல் விடுங்கள்.

வெள்ளைத் தழும்பு, ரத்தம், கீழே விழுந்த காயம்

பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி எட்டு என்ற எண் வடிவில் தோல் வெளுத்து, காகிதம்போல் சுருங்கி, அரித்து, லேசாகச் சொறிந்தாலே ரத்தம் கட்டினால் அது லைக்கன் ஸ்க்லெரோசஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். வெண்புள்ளி என்று விட்டுவிடக் கூடாது. விந்தையாக, மேலே வேண்டாம் என்று எச்சரித்த அதே வீரியமான ஸ்டீராய்டுதான் இதற்குச் சரியான மருந்து. ஆனால் தோல் டாக்டர் சொல்லும் அளவில், சொல்லும் காலத்துக்கு.

சிறுநீர்த் துவாரத்தைச் சுற்றி வளையம்போல் செக்கச்சிவந்த சதை புடைத்து, ஜட்டியில் ரத்தக்கறை என்றால் சிறுநீர்க்குழாயின் உட்தோல் வெளியே பிதுங்கியிருக்கலாம். முக்கி மலம் கழிக்கும், தொடர்ந்து இருமும் குழந்தைகளுக்கு வரும். டப்பில் உட்காரவைப்பதும் ஈஸ்ட்ரோஜன் க்ரீமுமே பல நேரம் போதும்.

சைக்கிள் பாரில், கட்டில் விளிம்பில் கால் விரிய விழுந்தால், துணியில் சுற்றிய ஐஸை வைத்து அழுத்துங்கள். ரத்தம் நிற்கவில்லை, வீக்கம் பெருகுகிறது, சிறுநீர் கழிக்க முடியவில்லை, ஊசி போன்ற ஏதாவது உள்ளே குத்தியிருக்கிறது என்றால் உடனே மருத்துவமனை. மார்பு வளர்ச்சி எதுவும் தொடங்காத சிறுமிக்கு ரத்தம் வந்தால், அளவு எவ்வளவாக இருந்தாலும் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

யாராவது ஏதாவது செய்தார்களா?

எரிச்சலும் சிவப்பும் மட்டும் வைத்து இந்த முடிவுக்கு வர முடியாது. பெரும்பாலும் காரணம் மேலே சொன்னவைதான். ஆனால் குழந்தையே சொன்னால், ஒருவரைப் பார்த்தாலே பயந்தால், காயத்துக்குச் சொல்லும் காரணம் பொருந்தாவிட்டால், சோதனையில் பாலுறவால் பரவும் நோய்க்கிருமி தெரிந்தால், அப்போது தயங்கக் கூடாது. "யாரு? எப்ப? எத்தன தடவ?" என்று துருவிக் கேட்க வேண்டாம். "சொன்னது நல்லது கண்ணு, உன்மேல தப்பே இல்ல" என்று சொல்லி, அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதிவையுங்கள். குளிப்பாட்டாமல், உடுத்திய துணியைத் துவைக்காமல் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்.

1098 குழந்தைகளுக்கான உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, சிறுமியைப் பரிசோதிப்பவர் பெண் டாக்டராக இருக்க வேண்டும், பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ உடன் இருக்க வேண்டும். புகார் பதிவானால்தான் சிகிச்சை என்று எந்த மருத்துவமனையும் சொல்ல முடியாது. பிறப்புறுப்புக்குள் விரலை விட்டுப் பார்க்கும் 'இரண்டு விரல் பரிசோதனை' கூடாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடி அழுத்திச் சொல்லியிருக்கிறது.

டாக்டரிடம் போகும்போது

முதலில் குழந்தை டாக்டர் போதும். தேவைப்பட்டால் அவரே மகளிர் நோய் நிபுணரிடமோ குழந்தை அறுவை சிகிச்சை நிபுணரிடமோ அனுப்புவார். சென்னையில் எழும்பூரில் குழந்தைகள் நல அரசு மருத்துவமனையும் அரசு மகப்பேறு மருத்துவமனையும் இருக்கின்றன. மற்ற மாவட்டங்களில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தப் பிரிவுகள் உண்டு.

"கல்யாணம் ஆகாத பொண்ண கைனகாலஜிஸ்ட்கிட்ட கூட்டிட்டுப் போனா ஏதாவது ஆயிடுமோ" என்ற பயம் பல அம்மாக்களுக்கு. சிறுமிக்கு வெளியிலிருந்து பார்ப்பது மட்டும்தான், பெரும்பாலும் அம்மா மடியிலேயே. உள்ளே எந்தக் கருவியும் வைப்பதில்லை. உள்ளே பார்த்தே தீர வேண்டும் என்றால் மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய கேமராவால் பார்ப்பார்கள். கன்னித்திரைக்கு ஒன்றும் ஆகாது. ஸ்கேனும் சிறுநீர்ப்பை நிரம்பிய நிலையில் வயிற்றின் மேலிருந்துதான். குழந்தை அழுது மறுத்தால், அவசரமில்லாத பட்சத்தில் இன்னொரு நாள் வரலாம். கைகால்களைப் பிடித்து அழுத்திப் பரிசோதிப்பது சரியல்ல.

வயதுக்கு வரும் நேரம்

முதல் மாதவிடாய்க்கு ஆறு மாதம், ஒரு வருடம் முன்பே வெள்ளை படத் தொடங்கும். நாற்றமோ அரிப்போ இல்லை, தெளிவாகவோ பால் நிறத்திலோ இருக்கிறது என்றால் அது ஈஸ்ட்ரோஜனின் வேலை. 'உடம்பு உருகி வெளியே போகுது, அதான் மெலிஞ்சு போறா' என்று சொல்லி லேகியம் வாங்க வேண்டாம். மெலிந்திருந்தால் சாப்பாட்டையும் ரத்த அளவையும் பாருங்கள்.

எட்டு வயதுக்கு முன்பே மார்பு வளர்ந்தாலோ, பத்து வயதுக்கு முன்பே மாதவிடாய் வந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். பதின்மூன்று வயதாகியும் மார்பு வளர்ச்சி இல்லை, பதினைந்தாகியும் வயதுக்கு வரவில்லை என்றாலும் காட்ட வேண்டும். இன்னொன்றும் உண்டு. மார்பெல்லாம் வளர்ந்த பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண்ணுக்கு மாதாமாதம் அடிவயிறு வலிக்கிறது, ரத்தம் மட்டும் வருவதில்லை, ஒரு நாள் சிறுநீர் அடைத்துக்கொள்கிறது. கன்னித்திரை முழுதாக மூடியிருந்து, மாத ரத்தம் உள்ளேயே தேங்கியிருக்கலாம். சின்ன அறுவை சிகிச்சையில் தீரும். 'சூட்டு வயித்துவலி' என்று மோர் கொடுத்து மாதக்கணக்கில் ஓட்டுவதுதான் ஆபத்து.

மாதவிடாய்: எது சாதாரணம், எது இல்லை

முதல் இரண்டு மூன்று வருடம் 21 நாளிலிருந்து 45 நாளுக்குள் வந்தால் சரி. ஏழு நாளுக்குள் நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்றிலிருந்து ஆறு நாப்கின். நனைந்தாலும் நனையாவிட்டாலும் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கொருமுறை மாற்ற வேண்டும்.

ஒரு மணி, இரண்டு மணிக்கொருமுறை நாப்கின் முழுதும் நனைகிறது, பெரிய கட்டிகளாக வருகிறது, ஏழு நாளைத் தாண்டுகிறது என்றால் அதிகப்போக்கு. தலைசுற்றி விழுந்தால் அன்றே மருத்துவமனை. "எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு எல்லாம் இப்படித்தான்" என்று பாட்டி சொன்னால் அதைச் சமாதானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். வான் வில்லிபிராண்டு நோய் என்ற பரம்பரை ரத்த உறைதல் குறைபாடு பல குடும்பங்களில் முதலில் தெரியவருவது இப்படித்தான். அடிக்கடி மூக்கில் ரத்தம், பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காதது, சின்ன அடிக்கே உடம்பெல்லாம் கன்றிப்போவது எல்லாம் அதன் துணைக் குறிகள். போக்கைக் கட்டுப்படுத்த ட்ரானெக்ஸாமிக் அமிலமோ ஹார்மோன் மாத்திரையோ டாக்டர் தருவார். ஹார்மோன் மாத்திரையால் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்பது வீண் பயம்.

ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதத்தினருக்கு அது இருந்தது. பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற இரும்பு மாத்திரை தடுப்புக்குத்தான். ரத்தசோகை வந்த பிறகு தினசரி மாத்திரை வேண்டும். காபி, டீயோடு சேர்த்தால் சத்து உடம்பில் ஒட்டாது. எலுமிச்சைச் சாறோடு சாப்பிடலாம். உளுந்தங்களியும் நாட்டுக்கோழி முட்டையும் நல்ல சாப்பாடு, ஆனால் 8க்கு இறங்கிய ஹீமோகுளோபினை அவை தூக்கி நிறுத்தாது.

வலிக்கு இபுப்ரோஃபென் அல்லது மெஃபனமிக் அமிலம், டாக்டர் சொன்ன அளவில், சாப்பிட்ட பிறகு. வலி உச்சத்துக்குப் போகும் வரை காத்திருக்காமல், தொடங்கும்போதே போட வேண்டும். "மாத்திரை பழக்கமாயிடும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொல்வதில் பொருளில்லை. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். மெஃபனமிக் அமிலம் சாப்பிட்டபின் காய்ச்சலோடு தடிப்பு வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். மூன்று நான்கு மாதம் முறையாக மாத்திரை போட்டும் பள்ளிக்குப் போக முடியாத வலி என்றால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்தோல் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாதவிடாயோ இல்லையோ, ஒரு பக்க அடிவயிற்றில் திடீரென்று தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அது மணிக்கணக்கு விவகாரம், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கடைசியாக 'நீர்க்கட்டி'. வயதுக்கு வந்த புதிதில் ஸ்கேன் எடுத்தால் பல ஆரோக்கியமான பெண்களுக்கே சினைப்பையில் நிறையச் சின்னச்சின்னக் குமிழ்கள் தெரியும். அதனால் முதல் மாதவிடாய்க்குப் பிறகு எட்டு வருடம் வரை, ஸ்கேனை வைத்து பி.சி.ஓ.எஸ். (பேச்சு வழக்கில் 'நீர்க்கட்டி' என்பது இதைத்தான்) என்று முடிவு செய்யக் கூடாது என்று 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டு நெறி சொல்கிறது. இந்த வயதில் பி.சி.ஓ.எஸ். என்று சொல்ல, மாதவிடாய் ஒழுங்கின்மையும், ஆண் ஹார்மோன் கூடியதற்கான அடையாளமும் (மீசை, தாடையில் முடி, கடும் பரு, அல்லது ரத்தச் சோதனை முடிவு) இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். பதினான்கு வயதுப் பெண்ணிடம் ஸ்கேன் தாளைக் காட்டி "உனக்கு நீர்க்கட்டி, கல்யாணத்துக்கப்புறம் கஷ்டம்" என்று சொல்பவர் யாராக இருந்தாலும், இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேளுங்கள். போகும்போது கடந்த ஆறு மாத மாதவிடாய்த் தேதிகளைக் காலண்டரில் வட்டமிட்டு எடுத்துப் போங்கள். அந்த ஸ்கேன் தாளைவிட அது பயன்படும்.